அவனுக்குமா வக்கீல்?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ஊரே வெறுக்கிற ஒருவனுக்காக வழக்கறிஞர் ஆஜராகலாமா? இருபத்தைந்து வருடமாக எதிரி தரப்பில் நின்று வழக்கு நடத்துகிறவன் நான். குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்றுதான் எழுதுகிறோம். அந்தச் சொல்லிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது என்பது என் பழைய வருத்தம்.

"கையில் துப்பாக்கியோடு கசாப் நின்ற படத்தை உலகமே பார்த்தது. அப்புறமும் அவனுக்கு வக்கீல் எதற்கு? நம் வரிப்பணம்தானே போனது?" (திருநெல்வேலி வாசகர்)

2008 நவம்பரில் மும்பையில் 166 உயிர்களைக் குடித்த தாக்குதல் அது. அதில் உயிரோடு பிடிபட்டவன் கசாப். உங்கள் கோபத்தில் தவறு காண மாட்டேன். 2009-ல் அஞ்சலி வாக்மாரே என்ற வழக்கறிஞரை நீதிமன்றம் நியமித்தபோது, மும்பையில் அவர் வீட்டு முன்னால் கூட்டம் திரண்டு ரகளை செய்தது. அதே தாக்குதலில் பாதிக்கப்பட்ட ஒரு சாட்சிக்காகவும் அவர் ஆஜராவது தெரிந்து, பிறகு நீதிமன்றமே அவரை நீக்கியது. அது சரியான காரணம். கூட்டத்தின் ரகளை சரியான காரணம் அல்ல.

உச்ச நீதிமன்றத்தில் கசாப்புக்காக ராஜு ராமச்சந்திரன் அமிக்கஸ் கியூரியாக, அதாவது நீதிமன்றத்துக்கு உதவ நீதிமன்றமே நியமிக்கும் வழக்கறிஞராக, வாதாடினார். கைதான ஆரம்ப நாட்களில் கசாப்புக்கு வக்கீல் இல்லை என்பது அவர் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று. அந்த வாதம் கசாப்பைக் காப்பாற்றவில்லை. 2012 ஆகஸ்ட் 29-ல் தூக்கு உறுதியானது, நவம்பர் 21-ல் நிறைவேறியது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதிகள் நாட்டின் எல்லா மாஜிஸ்திரேட்டுகளுக்கும் ஓர் உத்தரவு போட்டார்கள். கைதானவரை முதல் தடவை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்போதே, 'உனக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, வசதி இல்லாவிட்டால் அரசு செலவில் கிடைக்கும்' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கடமை தவறியதாக அர்த்தம்.

ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்க, மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவரப்படும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். காலில் செருப்பு இருக்காது, ராத்திரி முழுக்கத் தூங்காத கண். வாசலில் அம்மா மஞ்சப் பையோடு நிற்பார். "வக்கீல் வச்சிருக்கியாப்பா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது அந்தப் பையன் முதலில் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரைத்தான் பார்ப்பான். அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கிய தீர்ப்பு கசாப் வழக்கில் வந்தது. வரிப்பணம் எங்கே போனது என்று கேட்டீர்கள், இங்கேயும் வந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்) 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மீதி 19 பேர் மீது கொலைக் குற்றம் நிற்கவில்லை, அவர்கள் வெளியே வந்தார்கள். 'இவர்களுக்குமா வக்கீல்?' என்று எல்லாருமே ஒதுங்கியிருந்தால் அந்த 19 பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

"எங்கள் ஊர் பார் அசோசியேஷன் (வழக்கறிஞர் சங்கம்), 'இந்த வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது' என்று தீர்மானம் போட்டிருக்கிறது. மீறினால் என்ன ஆகும்?" (சட்டக் கல்லூரி மாணவர்)

சட்டப்படி அந்தத் தீர்மானம் செல்லாது. இதைச் சொன்ன தீர்ப்பே நம் கோவையிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. வழக்கறிஞர் ஒருவரைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் அரசியலமைப்புக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று கடுமையாகவே சொன்னது.

ஆனாலும் நிற்கவில்லை. 2018-ல் சென்னை அயனாவரம் சிறுமி பாலியல் வன்கொடுமை வழக்கில் 17 பேரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது, கருப்புக் கோட்டு போட்டவர்களே அவர்களை அடித்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒருவர் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். இன்னொருவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த ஒருவரை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை குனிகிறது.

"கட்சிக்காரர் 'நான்தான் செய்தேன்' என்று வக்கீலிடம் ஒப்புக்கொண்டால்?" (மதுரை வாசகி)

அதை வெளியே சொல்ல முடியாது, சட்டம் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. (இனி செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.) வழக்கைத் தொடரலாம். குற்றம் பற்றித் தன் சொந்த அபிப்பிராயம் என்னவாக இருந்தாலும் வாதாட வேண்டும், போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்பதே வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. அதனால் அரசுத் தரப்பு சாட்சியத்தில் இருக்கும் ஓட்டையைக் காட்டலாம். பொய் சாட்சியைக் கூண்டில் ஏற்றக் கூடாது. தெரிந்தே அடுத்தவன் மேல் பழியைத் திருப்பவும் கூடாது.

1840-ல் லண்டனில் கூர்வாசியே என்ற வேலைக்காரன், எஜமானரைக் கொன்றதை விசாரணையின் நடுவில் தன் வழக்கறிஞர் சார்லஸ் பிலிப்ஸிடம் ஒப்புக்கொண்டான். பிலிப்ஸ் ஒரு நீதிபதியிடம் யோசனை கேட்டுவிட்டு வழக்கைத் தொடர்ந்தார். அதில் தப்பில்லை என்பேன். ஆனால் அதே வீட்டுப் பணிப்பெண்கள் மேல் சந்தேகம் விழும்படி பேசினார் என்ற பழி கடைசிவரை அவரை விடவில்லை. அவர் அப்படித்தான் பேசினார் என்றால் அந்தப் பழி நியாயமானதே.

"பாதியில் வழக்கை விட்டுவிடலாமா?"

தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் வேண்டும். வேலை செய்யாத அளவுக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். ஊர் திட்டுகிறது என்பது தக்க காரணம் ஆகாது.

"என் மகன் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறான். சிறுமியிடம் தப்பாக நடந்த ஒருவனுக்கு அந்த ஆபீஸ் ஆஜராகிறது. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். அவனை விட்டு வரச் சொல்லட்டுமா?" (கரூரிலிருந்து ஒரு தாய்)

அம்மா, விட்டு வரச் சொல்வதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேளுங்கள். அந்தக் குழந்தை சாட்சி சொல்ல வரும் நாளில் உங்கள் ஆபீஸ் எப்படி நடந்துகொள்ளப் போகிறது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவுப்படி குழந்தையிடம் வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். மிரட்டும் கேள்விக்கும் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கும் இடமே இல்லை.

இப்படி ஒரு வழக்கை நானும் நடத்தியிருக்கிறேன். நாற்பது கேள்வி எழுதி எடுத்துப் போனேன். குழந்தை பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தது. நான் தாளை மறுபடி படித்தேன். அதில் முக்கால்வாசி டாக்டரிடமும் விசாரணை அதிகாரியிடமும் கேட்க வேண்டியவை: தேதி ஏன் மாறுகிறது, மருத்துவப் பரிசோதனை ஏன் தாமதம், மகஜர் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவு) எங்கே எழுதப்பட்டது. ஏழு கேள்விகளை மட்டும் நீதிபதியிடம் கொடுத்தேன். மற்றதைப் பெரியவர்களிடம் விடாமல் கேட்டேன். என் கட்சிக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. கேட்காமல் விட்ட கேள்விகளால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை.

உங்கள் மகன் ஆபீஸ் இப்படி நடத்துகிறது என்றால் அவன் அங்கே நல்ல தொழில் கற்கிறான். குழந்தையை அழவைத்து ஜெயிப்பதைத் திறமை என்று சொல்லிக்கொடுக்கிற இடம் என்றால், நீங்கள் சொல்லாமலே அவன் வெளியே வரட்டும். முறையாக நடத்தினாலும் இந்த ஒரு வழக்கில் மட்டும் அவனுக்கு மனசு ஒப்பவில்லையா? சீனியரிடம் இப்போதே நேராகச் சொல்லிவிடட்டும், வேறு ஜூனியரைப் போட்டுக்கொள்வார். சாட்சி விசாரணை ஆரம்பித்த பிறகு அரை மனதோடு கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.