யாருக்குத் தெரியும், யாருக்குக் கேட்கும்?

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். கலைச்சொற்களின் வரைவிலக்கணங்களை எல்லாம் பாடமாக்கிவிட்டேன். ஆனால் முன்பின் படிக்காத ஒரு காட்சியைத் தந்து, இதில் இருப்பது நாடக முரணா, எதிர்பாராத திருப்பமா, தனிமொழியா என்று கேட்டால் குழம்பிப்போகிறேன். கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான். எப்படி விளங்கிக்கொள்வது?

உப்புவெளியிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

வரைவிலக்கணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எந்தக் காட்சி வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். இது யாருக்குத் தெரியும்? இந்தப் பேச்சு யாருக்குக் கேட்கும்? நீங்கள் குழம்பும் சொற்களில் பெரும்பாலானவை மேடைக்கும் சபைக்கும் நடுவே நடப்பதைப் பற்றியவைதான்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலப்பதிகாரத்தையே எடுப்போம். கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்பை விற்க மதுரைத் தெருவில் போகிறான். எதிரே பொற்கொல்லன் வருகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான் என்பதை அவன் மனதுக்குள் நினைப்பதிலிருந்தே நாம் அறிந்துவிடுகிறோம். கோவலனுக்கு அது தெரியாது. நம்பிக்கையோடு சிலம்பைக் காட்டுகிறான், இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கிறான். அவன் காட்டும் மரியாதை ஒவ்வொன்றும் நமக்கு நெஞ்சை அடைக்கிறது. நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதுதான் நாடக முரண்.

அதே களவை இளங்கோ கடைசிவரை மறைத்து, சிலம்பு உடைந்த பிறகு சொல்லியிருந்தால்? நடந்த சம்பவங்களில் ஒன்றும் மாறாது, கதை அதேதான். ஆனால் சொல்லும் ஒழுங்கு மாறிவிட்டது, அதாவது கதைப்பின்னல் வேறு. நாடக முரண் போய்விடும், அந்த இடத்தில் எதிர்பாராத திருப்பம் வந்துவிடும். திருப்பம் நம்மை ஒரு தடவை திடுக்கிட வைக்கும். முரண் காட்சி முழுவதும் நம்மைப் பதைக்க வைக்கும். துன்பியலுக்கு இரண்டாவதுதான் பலம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கும் இடம்? அது நமக்குத் திருப்பம் இல்லை, பாண்டியனுக்குத்தான் புதுச் செய்தி. அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறும் இந்தக் கணத்தை அரிஸ்டோட்டில் தனியாகப் பிரித்துப் பேசுகிறார். உண்மை தெரிவதும் நிலை தலைகீழாவதும் ஒன்றாக நிகழ்வதே சிறந்தது என்கிறார். பாண்டியன் உண்மையை அறிந்த அதே இடத்தில் விழுந்து இறக்கிறான்.

அப்புறம் கேட்கும் விஷயம். மேடையில் தனியே நின்று தன் நினைப்பைப் பேசினால் தனிமொழி. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க ஒருவரே நீளப் பேசினால் அது தனிமொழி ஆகாது. பொற்கொல்லனின் நினைப்பை, பக்கத்தில் கோவலன் நிற்கும்போதே சபைக்கு மட்டும் கேட்பதாகச் சொல்லவைத்தால் அது மூன்றாவது வகை, ஆங்கிலத்தில் ‘aside’ என்பார்கள்.

கூத்தில் கட்டியகாரன் சபையோரை நேரே பார்த்துப் பேசுவதை வைத்து, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் தூரப்படுத்தலும் இதுவும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். வழி கொஞ்சம் ஒத்திருக்கலாம், நோக்கம் வேறு. பிரெக்டுக்குச் சபை கதையில் மூழ்காமல் விலகி நின்று தீர்ப்பிட வேண்டும். கூத்துக் களரியைச் சுற்றி விடியவிடிய இருப்பவர்கள் கதை தெரிந்தே வருகிறவர்கள், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் கண்முன்னே நின்றாலும் கர்ணனுக்காக அழுகிறவர்கள்.

நம்முடைய ஊர் இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலானந்த அடிகளின் ‘மதங்கசூளாமணி’ 1926இல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அழைத்து, நாடகங்களையே முன்வைத்து நாடக இலக்கணம் பேசும் நூல் அது. நூலகத்தில் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். நடை கொஞ்சம் கடினம், மெதுவாகப் போகலாம்.

பரீட்சையில் கலைச்சொல்லை முதல் வரியிலேயே எழுத அவசரப்படாதீர்கள். யாருக்கு என்ன தெரியும் என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டு, அதன் பிறகு சொல்லைப் போடுங்கள்.