டீச்சரிடம் கேளுங்கள்: மாணவர் எழுதும் சிந்தனைக் குறிப்பு

கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மாணவர்கள் வாரம் ஒரு குறிப்பு எழுதித் தருவார்கள். கேளுங்கள்.

கே: இது டைரிதானே?
இல்லை. டைரியில் நடந்ததைச் சொன்னால் போதும். இதில் அது ஏன் அப்படி ஆயிற்று, அடுத்த தடவை என்ன செய்வேன் என்பதுவரை போக வேண்டும். கல்வி ஆய்வாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் இதற்கு ஆறு படிகள் சொன்னார்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, காரணம், முடிவு, அடுத்துச் செய்வது. ஆறையும் கட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள், பேங்க் ஃபாரம் மாதிரி நிரப்பித் தருவார்கள்.

கே: எத்தனை பக்கம்?
ஒன்று.

கே: வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, எழுதி என்ன ஆகப்போகிறது?
ஒரு பெண், பத்தாவதுவரை தமிழ் மீடியம். இங்கே பாடம் இங்கிலீஷ், லேபில் பேச்சு மலையாளம். டைட்ரேஷன் என்றால், பியூரெட் என்ற திருகு வைத்த கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்போது நிறுத்தும் சோதனை. அதில் மூன்று தடவையும் கரைசல் வெளிர் ரோஸில் நிற்காமல் அடர் ரோஸாகிவிட்டது. கவனக்குறைவு என்று நினைத்தேன். குறிப்பில் எழுதியிருந்தாள்: “பியூரெட் திருகு இறுகிக் கிடந்துச்சு. மலையாளத்துல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே திருகினேன், மடமடன்னு கொட்டிருச்சு.” போய்ப் பார்த்தால், திருகில் கிரீஸ் காய்ந்து கிடக்கிறது. (அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். நீங்களும் கேட்காமல் யார் குறிப்பையும் வெளியே சொல்லாதீர்கள்.)

கே: நான் தமிழாசிரியர். ‘யோசிச்சுட்டே’ என்றெல்லாம் எழுத விட்டால் மொழி என்ன ஆவது?
ஐயா, அதைச் சிவப்பு மையில் சுழித்திருந்தால், அடுத்த வாரம் ‘சோதனை சிறப்பாக நடைபெற்றது’ என்று பிழையே இல்லாத ஒரு பொய் வந்திருக்கும்.

கே: அதே ஆசிரியர்தான். அப்படியானால் திருத்தவே கூடாதா?
நியாயமான கேள்வி. வருடக் கடைசியில் தங்களுக்குப் பிடித்த ஒரு குறிப்பை அவர்களே எடுத்துச் செம்மையாக்கட்டும். அதற்கு உங்களிடம்தான் அனுப்புவேன், மறுக்கக் கூடாது.

கே: மார்க் உண்டா?
எழுதியதற்கு உண்டு. என்ன எழுதினார்கள் என்பதற்கு இல்லை.

கே: குறைந்தது எத்தனை பக்கம் டீச்சர்?
மேலே பாருங்கள்.

கே: ஏஐ எழுதிக் கொடுத்தால்?
அதில் திருகு இறுகியிருக்காது.

கே: நல்ல குறிப்பை வகுப்பில் வாசிக்கலாமா?
கேட்காமல் கூடாது என்று இப்போதுதானே சொன்னேன்!

கே: சித்தூருக்கு வந்து எங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவீர்களா?
எந்தச் சித்தூர்? நம்ம பாலக்காட்டுச் சித்தூர் என்றால் சனிக்கிழமை வருகிறேன். ஆந்திரா என்றால், சரி, லீவு போட வேண்டும்.