ரேஸ் கேம் போட்டதும் 4 சிலிண்டரிலும் கம்ப்ரஷன் 70 பிஎஸ்ஐ: ஹெட்டைக் கழற்றாதீங்க

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு: ட்வின் கேம் எஞ்சின் (வால்வைத் திறக்கிற கேம் தண்டு ரெண்டு உள்ளது), புது ரேஸ் கேம் ஏத்தினதும் ஸ்டார்ட் ஆகலை, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்தை அமுக்குற அழுத்தம்) 70 பிஎஸ்ஐதான்னு எழுதியிருக்கீங்க. வால்வு வளைஞ்சிருந்தா இப்படி நாலும் சமமா இறங்குறது அபூர்வம். முதல் சந்தேகம் டைமிங் மேலதான், அதாவது கிராங்க்கும் கேமும் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்தியிருக்கான்னு.

இனி ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. பிளக் நாலையும் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் ஓடுற திசையிலேயே ரெண்டு முழுச் சுற்று கையால சுத்துங்க. முட்டினா அங்கேயே நிறுத்திடணும். பிஸ்டனில் வால்வு இடிக்குதுன்னு அர்த்தம். முட்டலைன்னா கிராங்க், கேம் புல்லிகளில் இருக்கிற டைமிங் மார்க் சேருதான்னு பாருங்க. 40 பல் புல்லியில் ஒரு பல் தப்பினா கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18. இன்டேக் கேம் (காத்தை உள்ளே விடுற வால்வோடது) அவ்வளவு பின்தங்கினா வால்வு தாமதமா மூடும், இழுத்த காத்து வந்த வழியே திரும்பிடும். ரேஸ் கேமில் கம்ப்ரஷன் கொஞ்சம் குறையும்தான், ஆனா 70 ரொம்பக் கம்மி.

மார்க் சரின்னா அடுத்தது டேப்பெட் இடைவெளி, அதாவது கேமுக்கும் அது அமுக்குற டேப்பெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. எஞ்சின் ஆறினப்புறம், கேம் லோபின் (மேடான பகுதி) மூக்கு மேலே பார்க்கும்போது ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. மெல்லிசான தகடும் நுழையலைன்னா வால்வு முழுசா மூடாம இருக்கலாம். இன்னும் மெல்லிய ஷிம் (டேப்பெட்டில் வைக்கிற சின்னத் தகடு) வேணும். ஷிம் வாங்க வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு ஷிம்மையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்குங்க. "கொஞ்சம் மெல்லிசா குடுங்க"ன்னு கேட்டா கடைக்காரர் என்னத்தை எடுத்துத் தருவார்?