ஆசீர்வாதம் என்றால் லாரியா?

கேள்வி: ஆண்டவர் என்னை நன்றாக ஆசீர்வதித்திருக்கிறார். நாலு லாரி ஓடுகிறது, வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறேன். ஆனாலும் மனதில் நிறைவில்லை. ராத்திரி படுத்தால் ஐந்தாவது லாரி எடுக்கலாமா என்றே யோசனை. கிறிஸ்தவன் பணம் சேர்ப்பது தப்பா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தப்பில்லை. பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த லீதியாள், இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த துணி விற்ற வியாபாரிதான், அவளுடைய தொழிலை விடச்சொல்லி பவுல் எங்கேயும் எழுதவில்லை. எனக்கு உறுத்துவது உங்கள் முதல் வரி. 'ஆசீர்வதித்திருக்கிறார்' என்று எழுதிய கையோடு லாரியை எண்ண ஆரம்பித்துவிட்டீர்கள்.

இந்தச் சொல்லை நாம் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறோம்! பெண் பார்த்துவிட்டு வந்தவர் 'நல்ல ஆசீர்வாதமான குடும்பம்' என்றால் செமி-டி வீடு, வாசலில் இரண்டு கார் என்று அர்த்தம். நகை அடகில் இருக்கிற வீட்டை, அங்கே தினமும் குடும்ப ஜெபம் நடந்தாலும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே பக்கத்தில், ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் புதுக் கார் வாங்கிய கதை வேண்டாம் என்று எழுதினேன். சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன், ஏனென்றால் அப்படி ஒரு சாட்சி முடிந்து காணிக்கைப் பை வந்தபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காலையில் நாசி லெமாக் விற்கிற ஒரு அக்கா, கணவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். அந்த அக்கா ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை மடித்து, மறுபடி மடித்து, நகத்தளவு ஆக்கி, கையை உள்ளே விட்டுப் போட்டார். வழக்கமாக அப்படி மடிப்பவர் இல்லை. அன்றைக்கு அவர் காதில் விழுந்தது என்ன? ஆண்டவர் அவர்களை ஆசீர்வதித்தார், உன்னை இல்லை என்பதுதானே!

ஆபிரகாமுக்கு ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அவனுக்குச் சொல்லப்பட்ட முதல் வாக்கைப் படியுங்கள், 'நீ ஆசீர்வாதமாய் இருப்பாய்' என்று இருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாக இல்லை, மற்றவனுக்கு நீயே அதுவாக இரு என்று.

அப்புறம் இந்தக் கார் ஸ்டிக்கர். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றால் முன்னால் நிற்கிற வண்டியின் கண்ணாடியில் 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று ஒட்டியிருக்கும். பெரிய வண்டியாக இருந்தால் எழுத்தும் பெரிது. பாலம் பதிமூன்றரை கிலோமீட்டர், ஒரு வசனத்தை யோசிக்க அது போதுமான தூரம், அதனால் நான் ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். பவுல் அதை எழுதும்போது சிறையில் இருந்தார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் இடம் அது. அதற்கு முந்தின வசனம் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றதைப் பற்றியது. அதாவது அந்தப் பெலன் பட்டினி கிடக்கிற பெலனும்தான்! முந்தின வசனத்தையும் சேர்த்து ஒட்டினால் எத்தனை பேர் வாங்குவார்கள்? ஸ்டிக்கர் விற்கிற தம்பி ஒருவரிடமே கேட்டுவிட்டேன். "இடம் பத்தாது சார்" என்றார்.

பவுல் 'மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்கிறார், அதாவது இருப்பதே போதும் என்று நிறைவாயிருக்க. கற்றுக்கொண்டது என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்து லயத்தில், பால்மரம் வெட்டிவிட்டு வந்து உலை வைப்பார். அரிசி அளப்பது பழைய பால் டின்னில். நாலு டின் அளந்து கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிச் சட்டியில் போடுவார். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும், அங்கிருந்து வேலையில்லாத வீடுகளுக்கு. சம்பளம் கூடின மாதத்தில் அம்மா ஐந்தாவது டின் அளக்கவில்லை, பிடிதான் இரண்டானது. நீதிமொழிகளில் ஆகூர் 'என் படியை எனக்கு அளந்து' என்று ஜெபிக்கிறாரே, 'தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக' என்று, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டின்தான் தெரியும். மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார், அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்பார்கள்: வருஷ வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்தார், 120 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்தார், மீதி 92 தர்மத்துக்கு. இதுவும் அம்மாவின் கணக்குதான்.

உங்களுக்கு நிறைவு வராததற்குக் காரணம் உங்களிடம் டின் இல்லை, சகோதரரே. எவ்வளவு போதும் என்று அளவு வைக்காதவனுக்கு ஐந்தாவது லாரி வந்தாலும் ஆறாவது ராத்திரியில் வந்து நிற்கும்.

இன்னொன்று. தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறேன் என்கிறீர்கள். சரி, பத்து சதவீதம். நாலு லாரியை யார் ஓட்டுகிறார்கள்? 5,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குகிற டிரைவருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு 13 சதவீதம். அதைக் கட்டுகிறீர்களா, அல்லது 'கையில் ரொக்கமாக வாங்கிக்கோ, அது உனக்கும் வசதி' என்று பேசி முடித்துவிட்டீர்களா? உங்களைத் தெரியாமல் கேட்கிறேன், கட்டுகிறவராக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் கட்டாத முதலாளிகளை எனக்குத் தெரியும், எல்லாரும் முன் வரிசையில் உட்காருகிறவர்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். காணிக்கைப் பையில் விழுகிற பணத்தில் டிரைவரின் பங்கு இருந்தால் அந்தச் சத்தம் ஆராதனைப் பாட்டுக்கு மேலே கேட்கும்.

இந்த வாரம் வீட்டம்மாவோடு உட்கார்ந்து, குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு போதும் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதுங்கள். அந்தத் தொகை எனக்கு வேண்டாம். டிரைவர்கள் விஷயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறேன்.