தாளிக்கும்போது மட்டும் வீடியோ ஏன் உடைகிறது?

கேள்வி: சமையல் வீடியோக்களை பிலிமோராவில் எடிட் செய்கிறேன். மொபைலில் பளிச்சென்று இருக்கும் காட்சி, எக்ஸ்போர்ட் செய்ததும் தாளிக்கிற இடத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது. ப்ரீமியர் ப்ரோவுக்கு மாறினால் தரம் கூடுமா?

பதில்: பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபைல் எத்தனை எம்பி என்று பார்த்து 8-ஆல் பெருக்கி, வீடியோ ஓடும் நொடிகளால் வகுங்கள். 10 நிமிட வீடியோ 150 எம்பி என்றால் விடை 2, அதாவது நொடிக்கு 2 மெகாபிட். இதுதான் பிட்ரேட். 1080பி, 30 பிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8.

வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை எல்லா பிரேமையும் முழுதாகச் சேமிக்காது. பெரும்பாலும் முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதிக்கொள்ளும். நின்று பேசும்போது மாறுவது உதடும் கையும்தான். 2 மெகாபிட்டிலும் ஒப்பேறிவிடும். கடுகு வெடித்து, எண்ணெய் நுரைத்து, ஆவி எழுந்தால் படம் முழுக்க மாறுகிறது. பிட் போதாமல், சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் நுணுக்கங்களை வழித்தெறிகிறது. அதே 2-ஐ ப்ரீமியரில் கொடுத்தாலும் கடுகு இப்படித்தான் வெடிக்கும்.

எக்ஸ்போர்ட் செட்டிங்ஸில் பிட்ரேட்டை 12,000 கேபிபிஎஸ் (நொடிக்கு 12 மெகாபிட்) ஆக்குங்கள். நிமிடத்துக்கு 90 எம்பி ஆகும், பரவாயில்லை. மொபைலில் 30 பிரேமில் எடுத்ததை 25 பிரேம் புராஜெக்டில் போடாதீர்கள். கரண்டி நகர்வது விக்கி விக்கித் தெரியும். ஒரு ஆப்பில் வெட்டி, இன்னொன்றில் எழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் மறுபடி சுருங்குகிறது. வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பெரிய மென்பொருளின் அருமை தெரிவது வண்ணத் திருத்தத்தில். லாக் முறையில் (பிறகு வண்ணம் திருத்த வசதியாக வெளிறலாகப் பதியும் முறை), 10-பிட்டில் எடுத்த காட்சியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 1,024 படிகள், 8-பிட்டில் 256தான். நிறத்தை நன்றாக இழுத்தால் 8-பிட்டில் சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும். அப்படி எடுப்பவர் என்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை முதலில் முயன்று பாருங்கள். சில 10-பிட் ஃபைல்கள் மட்டும் அதில் திறக்காமல் போகலாம். 4கே, 60 பிரேம் வரை எக்ஸ்போர்ட் தருகிறது.

சந்தேகம் தீரவில்லையா? அதே 20 நொடித் தாளிப்பை பிலிமோரா, ப்ரீமியர் இரண்டிலும் ஒரே பிட்ரேட்டில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ரிசால்வில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதன் காம்போசிட் மோடை (இரு படங்களைக் கலக்கும் முறை) டிஃபரன்ஸ் ஆக்குங்கள். இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கிறதோ திரை அவ்வளவு கறுப்பாகும். வேறுபடும் இடம் மட்டும் மங்கலாக மினுங்கும்.