வாசிக்கத் திணறும் குழந்தை: முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறாள். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டித் திணறுகிறாள். பள்ளி நாட்களில் காலையில் வயிற்றுவலி என்கிறாள். அவளுக்குக் கவனம் இல்லை என்கிறார் ஆசிரியை. நினைவாற்றல் டானிக், கண் பயிற்சி பலன் தருமா? சிறப்புப் பள்ளியில் சேர்க்க வேண்டுமா?

பதில்: டானிக்கும் வேண்டாம், கண் பயிற்சியும் வேண்டாம். வண்ணக் கண்ணாடியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதனாலும் வாசிப்பு மேம்படாது. காதால் கேட்டதை நன்றாகப் புரிந்துகொண்டு, அதையே வாசிக்கும்போது தடுமாறுவது டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு சார்ந்த கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை உறுதிசெய்யும் முன் சில சோதனைகள் தேவை.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் பெரும்பாலும் வலி இருக்காது. ஆனால் 20 முதல் 30 டெசிபல் வரை கேட்கும் திறன் குறையும். மெல்லிய மெய்யொலிகள் நழுவிப்போகும். அதனால் ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் சோதனை), டிம்பனோமெட்ரி (செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் சோதனை) இரண்டும் செய்யுங்கள். கண்ணில் சொட்டுமருந்து விட்டுப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். தூரப்பார்வை (கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாத குறை) உள்ள குழந்தை சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைச் சரியாகப் படித்துவிடும், புத்தகத்தில்தான் சிரமப்படும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, தொட்டாலும் திரும்பாமல் இருந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். இதுபோன்ற அறிகுறி இல்லையென்றால் மூளை ஸ்கேன் தேவைப்படாது.

பிறகு உளவியலாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரிடம், அவள் பேசிப் பழகிய மொழியிலும் பள்ளியில் படிக்கும் மொழியிலும் மதிப்பீடு செய்யுங்கள். முறையான பயிற்சி கொடுத்தும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று முடிவு செய்வார்கள். ஆகவே பயிற்சியை இன்றே தொடங்கித் தேதியோடு குறித்து வையுங்கள்.

வாரம் 5 நாள், ஒரு வேளைக்கு 15 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் புத்தகமே வேண்டாம், வெறும் ஒலி விளையாட்டு. 'பல்' என்பதில் முதல் எழுத்துக்குப் பதில் 'க' போட்டால்? கல். அதையே நீட்டினால்? கால். அடுத்து எழுத்து அட்டைகள்: ஒரு வாரத்துக்குப் புதிதாக நான்கைந்துதான், மற்றவை தெரிந்தவையாக இருக்கட்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கூடுதல் நேரம் கேட்கும். 'கெ', 'கே' எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒலியைக் கூட்டும் குழந்தை அங்கே குழம்புவது இயல்பு. கடைசியாக ஒரு சிறு பத்தி. 10 சொல்லில் ஒன்றுக்கு மேல் தவறினால் பத்தி கடினம், எளிதானதுக்கு மாற்றுங்கள். அதையே மூன்று நான்கு நாள் திரும்ப வாசிக்கட்டும். தடுமாறினால் 5 விநாடி பொறுத்து, சொல்லைப் பிரித்துக் காட்டி, பிறகு முழுதாகச் சொல்லவையுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லாதீர்கள்.

பெற்றோர் பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்: பாடம் மனப்பாடமாகியிருக்கும், குழந்தை வாசிப்பதுபோல் ஒப்பித்துவிடும். அதே சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுத்தால் தெரிந்துவிடும். பத்து முறை எழுதவைப்பது கையைத்தான் களைக்கவைக்கும்.

சிறப்புப் பள்ளி தேவையில்லை. இதே வகுப்பில் சில மாற்றங்கள் போதும். முன்னறிவிப்பின்றி எழுப்பிச் சத்தமாக வாசிக்கவைக்கக் கூடாது. தெரிந்த விடையை வாயால் சொல்ல அனுமதி, தேர்வில் கால் பங்கு கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள் ஆகியவற்றை ஆசிரியையிடம் எழுத்தில் கேளுங்கள். வகுப்பில் வாசிக்கும் பயம் விட்டாலே வயிற்றுவலி குறைய வாய்ப்புண்டு. நடிக்கிறாள் என்று திட்டாதீர்கள், அவளுக்கு அது உண்மையான வலி. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், வாந்தி, காய்ச்சல் இருந்தால் மட்டும் வயிற்றைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

முன்பு நன்றாகத் தெரிந்த எழுத்துகளையோ பேச்சையோ அவள் இப்போது மறந்து வந்தால் அது டிஸ்லெக்சியா அல்ல. 6 மாதம் காத்திருக்காமல் உடனே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.