மட்டக்களப்புக்கு ஒரு பென்சில் கோடு

ஐயாவுக்கு வணக்கம்,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். ரத்மலானையில் பறக்கப் படித்து, முகிலுக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எடுத்து, இப்போது பயிற்றுநருக்கான படிப்பில் இருக்கிறேன். அடுத்த மாதம் ஜூனியர் மாணவர்களுக்கு ஐ.எஃப்.ஆர். (கருவிவழிப் பறத்தல் விதிகள்) குரொஸ் கன்ட்ரி, அதாவது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்கும் பயணத் திட்டமிடலைத் தரைவகுப்பில் சொல்லித்தர வேண்டும். “டெப்பில் (டெப்லெட் கணினியில்) இரண்டு இடத்தைத் தட்டினால் வழி, உயரம், எரிபொருள் எல்லாம் வந்துவிடுகிறதே, பென்சிலும் ஸ்கேலும் எதற்கு?” என்று இப்போதே கேட்கிறார்கள். “சோதனையில் வரும்” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? முகில் உள்ள ஒரு நாளில் மலைக்கு மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் புரியுமா?

ஒரு வாசகி, மஸ்கெலியா

அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஒற்றை எஞ்ஜின் விமானம், சுற்றிலும் முகில், கீழே ஏழாயிரம் எட்டாயிரம் அடி மலை. எஞ்ஜின் நின்றால் இறங்க இடம் தேடுவதற்காவது தரை கண்ணில் பட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் ஹட்டனுக்கு மேலே கட்டும் இடிமுகிலைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அதற்குள் போய்ப் படிக்க ஒன்றுமில்லை.

மலையை மேசையில் வைத்தே காட்டலாம். ரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 120 கடல் மைல். கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே போகும். வலது பக்கம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை, இடது பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். பயிற்சிக்கு இதைவிட நல்ல கோடு நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. தாளில் மட்டும்தான், மறந்துவிடாதீர்கள். மட்டக்களப்பில் அன்றைக்கு கருவிகளைப் பார்த்து இறங்கும் எந்த அணுகுமுறை கிடைக்கும், ஓடுபாதை திறந்திருக்குமா என்பதையெல்லாம் அவர்களே தேடி எடுக்கட்டும். நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான அறிவித்தல்) வாசிக்கச் சலிப்புப்படாத மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் வாசிக்கத்தான் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கடைசியிலிருந்து. புறப்பாட்டில் தொடங்கினால், மாணவனுக்கு மட்டக்களப்பில் இறங்குவது முடிந்துபோன விஷயமாகிவிடும். அப்புறம் மாற்று விமான நிலையம் என்பது படிவத்தை நிரப்ப எழுதும் ஒரு பெயர், அவ்வளவுதான். அதனால் முதல் கேள்வியே இப்படி இருக்கட்டும்: மட்டக்களப்பில் இறங்க முடியவில்லை, எங்கே போவாய்? திருகோணமலைச் சீனக்குடா என்பான். சரி, அது அறுபது கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. 110 நொட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே அந்த நேரத்தில் வானிலை எப்படி? மட்டக்களப்பை மூடிய அதே மழை அங்கேயும் நின்றால் அது மாற்று இடமா? வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் கிழக்குக் கரை முழுவதும் ஒன்றாகவே மூடிக்கொள்ளும். அப்போது மாற்று இடம் மலைக்கு மேற்கே, இந்தப் பக்கம்தான். எரிபொருள் கணக்கே தலைகீழாகிவிடும்.

எரிபொருளையும் அதே ஒழுங்கில் எழுதவையுங்கள். பிஸ்டன் எஞ்ஜினுக்கு 45 நிமிட இறுதி இருப்பு, அதாவது தொடாமல் வைத்திருக்க வேண்டிய எரிபொருள், முதல் வரி. மாற்று இடத்துக்கான எரிபொருள் இரண்டாவது. பயணத்துக்கானது அதற்கும் கீழே. இருப்பைக் கடைசியில் எழுதுகிறவன், டாங்கியில் இடம் போதாவிட்டால் அதைத்தான் முதலில் சுரண்டுவான்.

இனிக் காற்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பத்தாயிரம் அடியில் மேற்கிலிருந்து 25 நொட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு சுலபமாக இருக்க, நேர் பின்னாலிருந்தே வீசட்டும். போகும்போது 53 நிமிடம். திரும்பும்போது 85. இரண்டுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஆனால் காற்றில்லாத நாளின் 65 நிமிடத்தை இரண்டால் பெருக்கிவைக்கும் தாள்களைத்தான் நான் அதிகம் திருத்தியிருக்கிறேன். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் அதே காற்றுத்தான் ஊவாவிலும் மட்டக்களப்பிலும் கச்சானாக வறண்டு வீசுகிறது. மலையின் கிழக்குச் சரிவில் அது கீழ்நோக்கி இறங்கும், குலுக்கும். மட்டக்களப்பிலிருந்து திரும்புகிற விமானம், உயரம் மிக அவசியமான இடத்தில் சரியாக அந்த இறங்கும் காற்றுக்குள் நுழையும். சின்னப் பயிற்சி விமானத்துக்குப் பத்தாயிரம் அடியில் ஏறும் வேகம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஆகவே ஏற்றத்தைச் சமவெளியிலேயே முடித்துவிட வேண்டும். எந்த இடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் எங்கே திரும்புவது என்று கோட்டில் ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள். டெப் அந்தக் குறியை வைக்காது.

உயர விதி உங்களுக்குத் தெரிந்ததே. குறைந்தபட்ச உயரம் நிர்ணயிக்கப்படாத இடத்தில், நாம் இருப்பதாகக் கணிக்கும் இடத்திலிருந்து 8 கிலோமீற்றருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேலே, மலைநாட்டில் 2,000 அடி. பிதுருதலாகலையின் 8,281 அடியோடு கூட்டினால் 10,281. “நாம் அதற்குப் பக்கத்தில் போகவில்லையே” என்று ஒரு மாணவன் நிச்சயம் கேட்பான். கேட்கட்டும். கேட்டதும் நோட்டன் பிரிட்ஜுக்கு அழைத்துப் போங்கள்.

அங்கே வைத்திருக்கும் விமானச் சில்லை நீங்கள் எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் தரித்துப் போக வந்த மார்ட்டின் எயார் டி.சி.-8, சப்த கன்னியர் மலையில் மோதியது. இருந்த 191 பேரும் போய்விட்டார்கள். எஞ்ஜின் கெடவில்லை. தாங்கள் கொழும்புக்கு மிகவும் கிட்ட வந்துவிட்டதாக விமானிகள் நம்பினார்கள். உண்மையில் விமான நிலையத்துக்கு இன்னும் 40 கடல் மைல் அளவு இருந்தது. விமானத்தின் வேகத்தையும் நகர்வையும் அளக்கும் டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் வைத்து இடத்தைக் கணித்து, அந்தக் கணிப்பை நம்பி இறங்கினார்கள். 8 கிலோமீற்றர் விதி, இருக்குமிடம் சரியாகத் தெரிந்தவனுக்குத்தான் உதவும்.

அதனால் திட்டத்தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் நேரே, “இங்கே இருக்கிறேன் என்பதற்கு இரண்டு ஆதாரம்” என்று. ஜி.பி.எஸ். ஒன்று என்றால் மற்றது தரையிலுள்ள வானொலி நிலையங்கள் தரும் வி.ஓ.ஆர். திசையும் டி.எம்.இ. தூரமுமாக இருக்கலாம். ஒரே ஜி.பி.எஸ்ஸை இரண்டு திரையில் பார்ப்பது இரண்டு ஆதாரம் ஆகாது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இறங்கக்கூடாது, உயரத்திலேயே நிற்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் இறங்க அனுமதி தந்தாலும் இந்தக் கட்டத்தை நிரப்புவது விமானியின் வேலைதான்.

இவ்வளவும் முடிந்த பிறகு டெப்பைத் திறக்கட்டும். எனக்கு அதில் பகையில்லை, நல்ல சாமான். தாளிலும் திரையிலும் எண்கள் வேறுபடும் இடங்களை வட்டமிட்டு, ஏன் என்று ஒவ்வொருவராக வந்து சொல்லட்டும். பெரும்பாலும் காற்றாக இருக்கும், சில வேளை டெப்பில் யாரோ எப்போதோ போட்டுவைத்த எரிபொருள் அளவாக இருக்கும். அந்த அரை மணி நேரம்தான் உங்கள் வகுப்பு. பென்சில் எதற்கு என்று அதற்குப் பிறகும் யாராவது கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

திருத்தும்போது கூட்டல் பிழைக்கு ஒரு புள்ளி குறைத்தால் போதும். திரும்பும் குறியோ, ஆதாரக் கட்டமோ வெறுமையாக இருந்தால் தாளை அப்படியே கையில் கொடுத்துவிடுங்கள். முதல் தொகுதித் தாள்களில் இரண்டு மூன்றைப் படமெடுத்து அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.